சிறிய கடல்நீர்த் தொட்டியில் யாருடன் யார்?

கடன் விண்ணப்பம் ஒன்று மேசைக்கு வந்தால் பத்துக் கேள்விகள் கேட்கும் நான், ஏழு ஆண்டுகளுக்கு முன் முதல் கடல்மீனை வாங்கியபோது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கறுப்பு உடலில் மூன்று வெண்புள்ளிகளுடன் விரல்நுனியளவே இருந்த டாமினோ டாம்சல் அது, விலையும் குறைவு. பின்னர் வாங்கிய இரண்டு மீன்களையும் அது துரத்தித் துரத்தியே கொன்றுவிட்டது. 75 லிட்டர் தொட்டியில் ஓடி ஒளிய இடம் ஏது?

தொட்டியில் முதலில் குடியேறும் மீன் முழு இடத்தையும் தனதாக்கிக்கொள்ளும். ஆகவே கூச்ச சுபாவமுள்ளது முதலிலும் முரட்டுத்தனமுள்ளது கடைசியிலும் வருவதே முறை. இப்போது என் தொட்டியில் முதலில் ஒரு ஃபயர்ஃபிஷ், பின்னர் ஓர் இணை கோமாளி மீன்கள். ஃபயர்ஃபிஷ் மிரண்டால் துள்ளி வெளியே விழும் என்பதால் மேலே வலைமூடி அவசியம். கோமாளி மீன்களைச் சிறு குஞ்சுகளாக இரண்டு வாங்கினால் போதும். பெரியது பெண்ணாகும், மற்றது ஆணாகவே நிற்கும். அவற்றுக்குக் கடல் சாமந்தி கட்டாயமன்று. புதிய சிறு தொட்டியில் அது நகர்ந்து சென்று நீரேற்றியில் சிக்கிக்கொண்டால், தொட்டி நீர் முழுவதும் கெடும்.

திரைப்படத்தில் கண்ட நீல டாங் மீனைக் குழந்தைகள் கேட்பார்கள். அது ஓர் அடி வரை வளரும், மறுத்துவிடுவதே நன்று.

முதுகெலும்பற்றவற்றைச் சேர்க்க விரும்புவோர், மீனைத் தேர்வதற்கு முன்பே அதை முடிவு செய்ய வேண்டும். கிளாத்தி மீன் நத்தையையும் நண்டையும் கடித்து நொறுக்கும். சிங்க மீன் தன் வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும். துறவி நண்டுகூட, காலி ஓடுகள் கிடைக்காவிடில் நத்தையைக் கொன்று அதன் ஓட்டைப் பறித்துக்கொள்ளும். எனவே சில காலி ஓடுகளைப் போட்டுவைப்பது நலம். மீனுக்கு வெண்புள்ளி நோய் கண்டால் செப்பு மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். இறாலும் நத்தையும் மடிந்துவிடும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றியே மருந்திட வேண்டும்.

பவளமும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. கடைக்காரர் எவ்வளவு உறுதி கூறினாலும் அவற்றை வாங்கலாகாது. என் தொட்டியில் இருப்பது பீங்கான் பாறைதான்.

இவை எதற்கும் முன், நீர் பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக வந்த பின்னரே முதல் உயிர் உள்ளே வரலாம். ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத தூய நீரையே சேர்க்க வேண்டும். நீர்தான் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது.

சென்ற ஆண்டு, சிவந்த முதுகில் வெண்கோடுடைய துப்புரவு இறால் ஒன்றைச் சேர்த்தோம். மூன்றாம் வாரம் அது அசைவற்று மணலில் கிடந்தது. என் மகள் அழுதுவிட்டாள். எடுத்துப் பார்த்தால் வெறும் சட்டை! உரித்துப் போட்டவர் இரண்டு நாள் பாறை இடுக்கில் ஒளிந்திருந்துவிட்டு, தீனி நேரத்துக்குச் சரியாக வெளியே வந்தார்.