மொழிப் பாடம் காத்த வரலாறு

மங்கோலிய மொழியையும் வரலாற்றையும் கற்கப் புகும் மாணவர் முதற்கண் எழுத்தில் இடர்ப்படுவர். அம்மொழியின் பழைய எழுத்து உய்குர் மக்களிடமிருந்து வந்தது. மேலிருந்து கீழாக எழுதப்படுவது. 1940-களில் மங்கோலிய நாடு அதனை விடுத்து, உருசிய எழுத்தைத் தழுவிய வரிவடிவத்தை மேற்கொண்டது. ஆகவே, இக்கால நூல்களுக்கு ஓர் எழுத்தும், முன்னோர் ஏடுகளுக்கு மற்றோர் எழுத்தும் கற்றல் வேண்டும்.

இவ்விரண்டும் கற்றால் போதுமா? போதாது. செங்கிஸ்கானின் வாழ்வைக் கூறும் ‘மங்கோலியரின் மறை வரலாறு’ என்னும் நூல் 13-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் மூல ஏடு மறைந்துபோயிற்று, நூலோ அழியவில்லை. அஃது எங்ஙனம்?

1368-இல் சீனத்தில் மங்கோலியர் ஆட்சி வீழ்ந்தது. மிங் மரபினர் அரசேறினர். மங்கோலியரோடு உரையாட மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தமையின், அவர்களைப் பயிற்ற இந்நூலையே பாடமாக்கினர். மங்கோலியச் சொற்களின் ஒலியைச் சீன எழுத்தில் பெயர்த்து, சொல்தோறும் பொருளும் பகுதிதோறும் சுருக்கமும் சேர்த்தனர். அப்பாடநூலே காலத்தைக் கடந்து நின்றது.

பீக்கிங்கில் வாழ்ந்த பல்லாதியுஸ் என்னும் உருசியத் துறவி, அதன் சீனச் சுருக்கத்தைத் தம் தாய்மொழியில் பெயர்த்து 1866-இல் வெளியிட்டார். 1947-இல் தம்தின்சுரேன் என்னும் மங்கோலிய அறிஞர், நூலை இக்கால மங்கோலிய நடையில் ஆக்கித் தம் மக்களுக்கு மீட்டளித்தார். இன்றும் அதனை ஆராய்வோர் சீன எழுத்தையும் கற்கின்றனர்.

மாற்றார் மொழியைக் கற்க எழுந்த ஏடு, அம்மாற்றாரின் வரலாற்றையே காத்தது. பிறமொழியை ஊன்றிப் பயிலுதல் பயில்வோர்க்கு மட்டுமன்றி, அம்மொழிக்கு உரியோர்க்கும் நன்மை தருவதாகும்.