சித்திரப் பலகையிலிருந்து திரை அச்சுக்கு

டேப்லெட் எனப்படும் கைக்கணினியின் கண்ணாடிப் பரப்பில் எழுதுகோல் கொண்டு சித்திரம் வரைவோர் இன்று பலர். அவர்களுள் சிலர், தாம் வரைந்ததைத் துணிப்பையிலோ பனியனிலோ வாழ்த்து அட்டையிலோ வீட்டிலேயே பதித்துப் பார்க்க விரும்புகின்றனர். அதற்குக் குறைந்த செலவில் கைகொடுப்பது ஸ்க்ரீன் பிரிண்டிங் எனப்படும் திரை அச்சு முறையாகும். திருமண அழைப்பிதழ் அச்சிடும் சிறு கூடங்களிலும் திருப்பூர்ப் பனியன் பட்டறைகளிலும் இது நன்கு பழகிய முறையே. எனினும், கண்ணாடியில் எழிலாகத் தோன்றிய படம் துணியில் சிதைந்து விழக்கண்டு மனம் தளர்பவர் உண்டு. இதற்குக் காரணம் பெரும்பாலும் கைத்திறன் குறைவன்று. இவ்விரு சாதனங்களும் தன்மையில் நேர் எதிரானவை என்பதேயாகும்.

எழுதுகோலின் அசைவைக் கணினிக்கு உணர்த்தும் பலகை புதியதன்று. 1964-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் டேவிஸ், எல்லிஸ் என்னும் இருவர் சுமார் 10 அங்குலச் சதுரப் பலகை ஒன்றை அமைத்தனர். அது தன் பரப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களைப் பிரித்தறிந்தது. இன்று வழங்கும் பலகைகளுள் ஒரு வகையில் எழுதுகோலுக்கு மின்கலமே இல்லை. பலகையின் அடியிலுள்ள கம்பி வளையங்கள் மாறுமின்காந்தப் புலத்தை எழுப்புகின்றன; கோலினுள் இருக்கும் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் அப்புலத்திலிருந்தே சக்தியைப் பெற்று ஒத்ததிர்ந்து, சைகையைத் திருப்பி அனுப்புகின்றன. முனையை அழுத்தும்போது அதிர்வெண் சற்றே மாறுகிறது. அம்மாற்றமே கோட்டின் பருமனாகவும் கருமையாகவும் உருப்பெறுகிறது. அழுத்தத்தை 8,192 படிகளாகப் பிரித்தறியும் கோல்கள் கடைகளில் கிடைக்கின்றன.

திரையோ இரண்டே நிலைகளை அறியும். சட்டத்தில் இறுக்கிக் கட்டிய வலைத்துணியில் வேண்டாத கண்கள் அடைபட்டிருக்கும். வேண்டிய கண்கள் திறந்திருக்கும். மேலே மையை ஊற்றி, ரப்பர் விளிம்புள்ள ஸ்குவீஜியால் இழுத்தால், திறந்த கண்களின் வழியே மட்டும் மை இறங்கும். இடைப்பட்ட நிலை எதுவும் இல்லை. 1907-இல் மாஞ்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் காப்புரிமை பெற்ற பட்டுத்திரைக்கும் இன்றைய பாலியெஸ்டர் திரைக்கும் அடிப்படை இதுவே. ஆகவே, 8,192 படிகளில் தீட்டிய கருமை, திரையை அடைவதற்குள் உண்டு, இல்லை என்ற இரண்டாகச் சுருங்கியாக வேண்டும். வரைபவரே அறிந்து இதனைச் செய்தால் படம் பிழைக்கும். தானாக நிகழ விட்டால் கெடும்.

துணிக்கு வழக்கமாக உபயோகிக்கும் வலைகளுள் ஒன்று, சென்டிமீட்டருக்கு 43 இழை கொண்டது. இதில் ஓர் இழையிலிருந்து அடுத்த இழைக்கு உள்ள தூரம் ஏறத்தாழ 0.23 மில்லிமீட்டர். அதனினும் மெல்லிய கோடு இழையின் மேலேயே விழுந்து அறுபடக்கூடும், 0.5 மில்லிமீட்டர் உள்ள கோடு தப்பும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் வரையும்போது ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.085 மில்லிமீட்டர். எனவே, 6 புள்ளிக்குக் குறைந்த கோடுகளைத் தவிர்ப்பது நலம். படத்தைப் பன்மடங்கு பெரிதாக்கிக்கொண்டு மயிரிழைக் கோடுகளை இட்டு மகிழ்வது இங்கேதான் ஏமாற்றமாய் முடிகிறது. 25 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள அச்சுக்கு, அகலத்தில் 2,953 புள்ளியும் உயரத்தில் 3,543 புள்ளியும் கொண்ட பரப்பைத் தொடக்கத்திலேயே அமைத்து, இடையிடையே மெய்யளவில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

கோட்டின் ஓரம் வழுவழுப்பாகத் தோன்றும் பொருட்டு வரையும் மென்பொருள்கள் அங்கே சாம்பல் நிறப் புள்ளிகளைச் சேர்க்கின்றன. திரைக்குச் சாம்பல் நிறம் இல்லை. ஆதலின், முடிவில் படத்தை முழுக்கறுப்பு, முழுவெண்மை எனப் பிரித்துவிட வேண்டும். இதற்கான வசதி கிரிட்டா, ஜிம்ப் ஆகிய இலவச மென்பொருள்களிலேயே உள்ளது. நிழற்சாயல் தேவையானால், அதனைச் சிறிதும் பெரிதுமான கரும்புள்ளிகளாக மாற்றலாம். அப்புள்ளி வரிசைகளின் எண்ணிக்கை, இழை எண்ணிக்கையில் நான்கில் ஒரு பங்குக்கு மிகாமல் இருத்தல் நன்று. 43 இழை வலைக்குச் சென்டிமீட்டருக்குச் சுமார் 10 வரிசை. மிகுந்தால் புள்ளிகளும் இழைகளும் ஒன்றோடொன்று மோதி, படத்தில் இல்லாத அலைக்கோலங்கள் தோன்றும். வரிசைகளை 22.5 பாகை சாய்த்து வைத்தல் இதனைக் குறைக்கும்.

படத்தைத் திரைக்கு மாற்றுவது ஒளியின் வேலை. கரும்படத்தைத் தெளிந்த பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, ஒளியால் இறுகும் பசை பூசி இருளில் உலர்த்திய திரைமீது வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுவர். புற ஊதா ஒளி பட்ட பசை இறுகிவிடும். படத்தின் நிழலில் இருந்த பசை நீரில் கழுவப்பட்டு நீங்கும். வெயில் இடத்துக்கு இடம், வேளைக்கு வேளை மாறுவதால், பிறர் கூறும் நிமிடக் கணக்கை நம்பிப் பயனில்லை. சிறு திரையொன்றில் அட்டையைப் படிப்படியாக நகர்த்தி, பட்டைக்குப் பட்டை நேரத்தை மாற்றிச் சோதித்தலே தக்க வழி.

பசையின் தேர்வில்தான் கவலைக்குரிய செய்தி உள்ளது. டைக்குரோமேட் உப்பு தோய்ந்த காகிதம் ஒளியில் மாறுதலடைவதை ஸ்காட்லாந்தின் மங்கோ பாண்டன் 1839-இல் வெளியிட்டார். அவ்வுப்புச் சேர்த்த பசை மலிவானது. பழைய செய்முறைகளில் இடம்பெறுவதும் அதுவே. ஆனால், அதிலுள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்குப் பின்னர்ச் சிறிதளவு பட்டாலும் அது மீளும். தூளைச் சுவாசித்தல் நுரையீரல் புற்றுநோய்க்கு ஏதுவாகும். கழுவிய நீர் கிணற்றடிக்குச் சென்றால் தீங்கு அண்டை வீட்டாரையும் எட்டும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அந்த ஆரஞ்சு நிறப் படிகங்களை வைத்திருத்தல் சிறிதும் தகாது. குரோமியம் கலவாத டையசோ பசை, விலை சற்று மிகுந்தாலும், வாங்கத்தக்கது. அதனையும் கையுறையுடனேயே கையாள வேண்டும். நீரில் கரையும் மைக்குத் தாங்கும் வகையா என்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டுக்கு ஏற்றதும் அத்தகைய மையே. உலர்ந்தபின் இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றினால் அது துணியில் நிலைபெறும். பிளாஸ்டிசால் மைக்குச் சுமார் 160 பாகை சென்டிகிரேடு வெப்பம் முழுவதும் ஏற வேண்டுமாதலால், அது பட்டறைகளுக்கே பொருந்தும். நீர் மையின் குறை ஒன்றே: கோடைப் பகலில் அது வலைக் கண்களிலேயே உலர்ந்துவிடும். ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் திரைமீது மையை மெல்லப் பரப்பி வைத்தால் கண்கள் ஈரமாயிருக்கும். வேலை முடிந்தவுடன், மற்றெதையும் கவனிக்குமுன், திரையைக் கழுவிவிட வேண்டும்.