மின்கம்பி எட்டாத கடற்கரையில் வியாபாரம்: எவ்வளவு சோலர் போதும்?

அக்கரைப்பற்று–பொத்துவில் வீதியில் கோமாரியிலிருந்து அறுகம்பே வரை ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குப் பருவம். கூடாரம் அடிப்பவர்களும், வாகனத்திலேயே படுத்துறங்கிப் பயணம் செய்பவர்களும் கடற்கரை ஓரமாகத் தங்குகிறார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்து, தேநீரும் மீன்பொரியலும் விற்கும் நம்மவர்களுக்கு முதல் தலையிடி மின்சாரம்தான். பலர் உடனே ஜெனரேட்டர் வாங்குகிறார்கள். எண்ணெய்ச் செலவு ஒருபுறமிருக்க, அமைதி தேடி வந்தவன் அந்தச் சத்தத்துக்கே அடுத்த நாள் இடம் மாறிவிடுவான்.

சோலர் வாங்குவோர் கடைக்காரரிடம் "எத்தனை வாட்ஸ் தகடு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முதலில் போட வேண்டியது செலவுக் கணக்கு. ஒரு சிறு தங்குமிடத்துக்கு 7 வாட்ஸ் எல்ஈடி பல்ப் நான்கு, 5 மணித்தியாலம்: 140 வாட்ஸ்-மணி. 20 வாட்ஸ் டீசீ ஃபேன் இரண்டு, 8 மணித்தியாலம்: 320. ஆறு கைத்தொலைபேசி சார்ஜ் செய்ய ஏறக்குறைய 90. மொத்தம் 550. இதை 12 வோல்ட்டால் பிரித்தால் 46 அம்பியர்-மணி. ஈய அமில பெட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் முடியும். ஆகவே 100 அம்பியர்-மணி பெட்டரி வேண்டும். அதுவும் சோலருக்கென்றே செய்த 'டீப் சைக்கிள்' வகை. லொறியிலிருந்து கழற்றிய பெட்டரி எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே உருவானது; இந்த வேலையில் ஒரு பருவம் தாங்குவதே சந்தேகம். லிதியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரியில் 80 வீதம் வரை எடுக்கலாம் என்பதால் 60 அம்பியர்-மணி போதும். விலை கூடினாலும் பல வருடம் உழைக்கும்.

தகடு? நல்ல வெயில் நாளைக்கு 5 மணித்தியாலம் என்று கொண்டு, இழப்பையும் கழித்தால் 160 வாட்ஸ் வருகிறது. மேகத்தையும் எண்ணி 200 வாட்ஸ் போடுங்கள். நமது கரையில் ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே நிற்பதால், அதிகம் சாய்க்கத் தேவையில்லை. மழைநீர் வடியும் அளவுக்குச் சரித்தால் போதும். தென்னோலை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி பெரிதாகக் குறையும்.

கேத்தில், அயன்பெட்டி இரண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். 1500 வாட்ஸ் கேத்தில் 12 வோல்ட் பெட்டரியிலிருந்து 125 அம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய வயர் உருகிவிடும். தேநீருக்குக் காஸ் அடுப்பு இருக்கிறது. மீனுக்கு ஐஸ் பெட்டிதான் இலாபம். பெட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். முனைகளுக்குக் கிரீஸ் பூசி, மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

"வீட்டுக் கூரையில்தான் சோலர் இருக்கிறதே" என்பார் சிலர். பொதுக் கம்பியோடு இணைத்த சாதாரண இன்வேட்டர், கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். திருத்த வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். 2022 மின்வெட்டுக் காலத்தில் பலர் இதை இருட்டில் இருந்துதான் அறிந்தார்கள்.

கிராமத்துக்கு இது புதிதல்ல. உலக வங்கித் திட்டங்களின் கீழ் 1997 முதல் 2011 வரை, மின்சாரம் எட்டாத ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கை வீடுகளுக்குச் சிறு சோலர் தொகுதிகள் கடனில் கிடைத்தன. இன்று வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு முறாபஹா வழி உண்டு: நிறுவனம் பொருளைத் தான் வாங்கி, இலாபத்தை வெளிப்படையாகச் சொல்லி, தவணைக்கு உங்களுக்கு விற்கும். எனவே கடையில் பணம் கட்டி வாங்கிவிட்டு அவர்களிடம் போகாதீர்கள். விலைக் கூற்றுப் பத்திரத்தோடு முதலில் அவர்களிடம் போங்கள். உங்களுக்கு ஏற்கெனவே சொந்தமான பொருளை அவர்களால் உங்களுக்கு விற்க முடியாது.