படத்தில் வந்த மஞ்சள்

தம்பி பிறந்த நான்காம் நாள் இரவு படமெடுத்துக் கட்டாரிலுள்ள வாப்பாவுக்கு அனுப்பினேன். "பிள்ளைக்கு மஞ்சட்காமாலையா மகள்?" என்று பதறினார். காலையில் மருத்துவமாது ஜன்னலருகே பார்த்து, பயமில்லை என்றார். படத்தை மீண்டும் பார்த்தேன்: தம்பியைச் சுற்றிய வெள்ளைத் துணியும் மஞ்சள்தான்!

எங்கள் மின்குமிழின் ஒளி ஏறத்தாழ 2700 கெல்வின்; நண்பகல் வெயில் சுமார் 5500. எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். கண் அதற்கேற்பப் பழகிக்கொள்ளும். கமெரா சிலவேளை தவறிவிடும்.

செயலியிலுள்ள 'வைட் பேலன்ஸ்' கருவியால் அத்துணியைத் தொட்டேன். அவ்விடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சமமாக்கி, அதே விகிதத்தில் முழுப் படத்தையும் திருத்தியது. துணி வெளுத்தது, தம்பியின் நிறமும் மீண்டது.

ஆனால் நோயைப் படத்தில் தேடாதீர்கள். பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் வைத்தியரிடமே காட்டுங்கள்.