சூளை இல்லாத சிற்பக்கூடம்

களிமண்ணுக்குப் பள்ளி மணி கேட்காது. நாற்பது நிமிடப் பாடவேளையில் யானைக்குத் தும்பிக்கை ஒட்டி முடிப்பதற்குள் அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிடும். கணக்கு நோட்டு என்றால் மூடிப் பைக்குள் வைத்துவிடலாம். ஈர யானையை என்ன செய்வது? திறந்து போட்டால் நாளைக்குள் வெடித்துவிடும். பாலித்தீனில் சுற்றி மறந்துவிட்டால் அடுத்த வாரம் பூசணம் பூத்திருக்கும்.

இந்தத் தலைவலிக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் பாத் நகரத்துக் கலை ஆசிரியர் வில்லியம் ஹார்பட், தம் மாணவர்கள் பிசையும் மண் பாதி வேலையில் காய்ந்துபோவதைப் பார்த்துச் சலித்து, 1897இல் காயவே காயாத ஒரு கலவையைக் கண்டுபிடித்தார். சுண்ணாம்புத் தூள், வாசலின், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த அதுதான் பிளாஸ்டிசின். 1900இல் பக்கத்திலேயே பாத்தம்ப்டனில் ஆலையும் வந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்துச் செய்யலாம் என்பது அதன் பலம். செய்த எதுவும் நிலைக்காது என்பது பலவீனம்: அழுத்தினால் நசுங்கும், சூடு பட்டால் குழையும்.

1962இல் இத்தாலியின் டாரியோ சாலா நேரெதிர் திசையில் போனார். அவர் கொண்டுவந்தது, சூளையில் வைக்காமலே தானாகக் காய்ந்து இறுகும் மண். அவர் பெயரிலிருந்தே 'டாஸ்' என்று அதற்குப் பெயரும் அமைந்தது. ஒரு ஆசிரியருக்குக் காயாத மண் தேவைப்பட்டது. அறுபத்தைந்து ஆண்டு கழித்து வகுப்பறைக்கு வந்து நிலைத்ததோ காயும் மண். சூளை வைத்திருக்கும் பள்ளிகள் உலகெங்கும் குறைவு என்பதே காரணம்.

இன்று ஸ்டேஷனரி கடையில் 'கிளே' என்று கேட்டால் நான்கைந்து விதமான பொருள்களை எடுத்துப் போடுவார்கள். தாள் நாரும் பசையும் சேர்த்த மண் வகை ஒன்று. பஞ்சு போல எடையே இல்லாத, பல நிறங்களில் வரும் ஃபோம் வகை இன்னொன்று. ஷில்ப்கார், மௌல்டிட் போல இரண்டு பொட்டலங்களைச் சேர்த்துப் பிசைவது முற்றிலும் வேறு இனம். அது காற்றில் காய்வதில்லை, வேதிவினையில் இறுகுகிறது. கார்ன்ஃப்ளாரையும் ஃபெவிகாலையும் சம அளவில் கலந்து, துளி எண்ணெய் விட்டு அடுப்பில் கிளறி எடுக்கும் 'கோல்ட் போர்சலின்' வீட்டுத் தயாரிப்பு. பூ, இலை செய்ய அது அருமை. ஆனால் காயும்போது நன்றாகவே சுருங்கும்.

மண் ஏன் வெடிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. களிமண் துகள்கள் நுண்ணிய தகடுகள். அவற்றுக்கு நடுவே இருக்கும் நீர்தான் அவற்றை வழுக்கி நகரவிடுகிறது. நீர் ஆவியாகும்போது தகடுகள் ஒன்றையொன்று நெருங்க, உருவம் சுருங்குகிறது. மேற்பரப்பு முதலில் காய்ந்து சுருங்கப் பார்க்கும். உள்ளே ஈரமாக இருக்கும் மண் அதற்கு இடம் கொடுக்காது. இந்த இழுபறியில்தான் விரிசல் விழுகிறது. ஆகவே சீக்கிரம் காய வேண்டும் என்று மின்விசிறிக்கு அடியிலோ மே மாத வெயிலிலோ வைப்பதுதான் மிகப் பெரிய தவறு. நிழலில், லேசாகத் துணி போர்த்தி, அவ்வப்போது திருப்பி வைத்தால் ஒரு நாளிலிருந்து மூன்று நாளில் காயும். கார்த்திகை மழையில் இன்னும் இழுக்கும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: உருவத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கிறது. ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் வரும் குளிர்ச்சி அது. பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். அறிவியல் ஆசிரியர் அந்த வகுப்புக்கு வந்து பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மண்ணின் இரு பக்கமும் ஒரே தடிமனுள்ள இரண்டு குச்சிகளை வைத்து, அவற்றின் மேல் சப்பாத்திக் கட்டையை உருட்டினால் சீரான தகடு கிடைக்கும். பெரிய உருவத்துக்கு உள்ளே கசக்கிய செய்தித்தாளை வைப்பது நல்லது. மண் சுருங்கும்போது தாளும் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். பாட்டிலை வைத்தால் அது அசையாது, மண்தான் பிளக்கும்.

ஒட்டும் இடம்தான் எல்லாப் பிள்ளைகளையும் அழ வைக்கும் இடம். காதை வெறுமனே அழுத்தி ஒட்டிவிட்டுப் போனால் திங்கட்கிழமை அது மேசையில் தனியாகக் கிடக்கும். இரண்டு பரப்பையும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, நீரில் குழைத்த மண்கூழைத் தடவி, சேர்த்த பிறகு விளிம்பை விரலால் தேய்த்து மறைக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு மண்ணில் உருவம் செய்யக் கற்றுக்கொடுத்த விக்டர் லோவன்ஃபெல்ட், நாஜிகள் வந்ததும் அமெரிக்கா போய் 1947இல் கலைக்கல்வி பற்றி ஒரு முக்கியமான நூலை எழுதினார். பிள்ளைகள் மண்ணை இரண்டு விதமாகக் கையாள்கிறார்கள் என்பது அவர் கவனிப்பு. சிலர் ஒரே உருண்டையிலிருந்து கையையும் காலையும் பிதுக்கி இழுப்பார்கள். சிலர் தலை, உடல், கால் என்று தனித்தனியாகச் செய்து ஒட்டுவார்கள். இரண்டும் அந்தந்தப் பிள்ளையின் யோசனை முறை, எதையும் மாற்றச் சொல்லக் கூடாது என்றார் அவர். ஆனால் காற்றில் காயும் மண்ணோ முதல் வகைக்குத்தான் சாதகம். ஒட்டு இல்லாத இடத்தில் உடைவதற்கும் ஒன்றுமில்லை. "எல்லாரும் இழுத்தே செய்யுங்கள்" என்று ஆசிரியர் உத்தரவு போட்டால் பொம்மைகள் பிழைக்கும். பிள்ளைகளில் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கூழ் தடவச் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது, வாரம் மூன்று அரைநாள் வேலை என்பதே ஏற்பாடு. ஊதியத்துக்கும் பணிப் பாதுகாப்புக்கும் அவர்கள் போராடிய கதை தனி. களிமண்ணைப் பொறுத்தவரை அந்த இடைவெளி வசதிதான்: ஒரு நாள் உருவம், அடுத்த வருகையில் விரிசல் அடைப்பு, அதற்கடுத்த வருகையில் வண்ணம். முழுக்கக் காய்ந்த பிறகு அக்ரிலிக் பூசுவதே பத்திரம். போஸ்டர் கலரை நீர்க்கக் கரைத்து அடித்தால் மேற்பரப்பு மறுபடி ஊறிவிடும். காற்றில் காய்ந்த மண்ணில் குவளை செய்து என்ன வார்னிஷ் அடித்தாலும் அதில் காபி குடிக்க முடியாது. நெருப்பில் 600 டிகிரி செல்சியஸைத் தொடும் சூடு பட்டால்தான் களிமண் திரும்பக் கரையாத ஓடாக மாறும்.

ஐம்பது பேர் வகுப்புக்குப் பொட்டல மண் வாங்கினால் செலவு கையைக் கடிக்கும். பழகுவதற்குக் கண்மாய் மண்ணோ குயவரிடம் வாங்கிய மண்ணோ போதும்; கடைசி உருவத்துக்கு மட்டும் பொட்டலத்தைப் பிரிக்கலாம். பழகிய உருவங்களுக்கு வண்ணம் அடிக்காமல் காயவிட்டு, உடைத்து வாளித் தண்ணீரில் போட்டால் மறுநாள் கூழாகக் கரைந்திருக்கும். தெளிந்த நீரை வடித்துவிட்டு, துணியில் பரப்பி ஈரம் குறைந்ததும் பிசைந்தால் அடுத்த பிரிவுக்கு மண் தயார். பசை கலந்த பொட்டல மண் இப்படித் திரும்பாது. பிள்ளைகள் கை கழுவுவதும் அந்த வாளியில்தான். குழாயடியில் கழுவினால் சாக்கடை அடைத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்புவார்.