குழிக்குள் ஓர் அடுப்பு

களனி கங்கை கடலில் விழுகிற இடம் என்பதால் முகத்துவாரம். பஸ்காரருக்கு அது மோதர. அந்தப் பக்கத்தில் பைபர் போட் வேலை நடக்கிற பட்டறையைத் தேட முகவரி வேண்டாம், மூக்குப் போதும். ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் வாடை தெருமுனையிலேயே தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை காலை அங்கே ஏற்றி வைத்திருந்தது மீன்பிடிப் போட் இல்லை. முப்பதடி நீளத்தில், உல்லாசத்துக்குப் போய்வருகிற படகு. பின்தளத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை. அதைக் குடைந்து, கரண்டில் வேலை செய்யும் கிரில் ஒன்றை மட்டமாகப் பதிக்க வேண்டுமாம். நங்கூரம் போட்டுவிட்டுப் பாரைத் துண்டு சுட்டுச் சாப்பிடுவது உரிமையாளரின் ஆசை.

பட்டறை பாஸ் பென்சிலால் செவ்வகம் வரைந்தார். ஜிக்சாவைத் தொடவில்லை. கோட்டுக்கு உள்ளே இரண்டு நூல் அளவில் ஒரு துளை போட்டு, வெளியே வந்த தூளை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார்.

"மரம், தம்பி. போம் இல்லை."

மேடை பார்ப்பதற்கு ஒரே பலகை போலத்தான் இருந்தது. உண்மையில் அது மேலும் கீழும் மெல்லிய பைபர் தகடு, நடுவே இலேசான மரம். வளையும்போது இழுபடுவதும் நசுங்குவதும் வெளித் தகடுகள்; நடுவில் இருப்பது அவற்றை விலக்கிப் பிடித்தால் போதும். எடை குறையும், விறைப்புக் கூடும். ஆனால் அறுத்த கணத்தில் அந்த மரத்தின் விளிம்பு வாயைத் திறந்துகொள்கிறது. உப்புத்தண்ணீர் அங்கே நுழைந்தால் வெளியில் எதுவும் தெரியாது. சில வருடம் கழித்து மேடையைத் தட்டிப் பார்த்தால் சத்தம் மந்தமாகக் கேட்கும். அதனால் பாஸ் வெட்டியதும் செய்த முதல் வேலை, விளிம்பைச் சுற்றி மரத்தைக் கொஞ்சம் தோண்டி எடுத்து, அந்தப் பள்ளத்தை எபொக்சியால் அடைத்தது. அது இறுகும் வரை அன்று வேறு வேலை இல்லை, பிளேன்டிதான்.

பக்கத்தில் நெடுநாள் மீன்பிடிப் போட்டுகள் நின்றன. வாரக்கணக்கில் கடலில் கிடப்பவை. அவற்றில் சோறு வேகக் காஸ் அடுப்பு இருக்கும்போது உல்லாசப் படகுக்கு மட்டும் ஏன் கரண்ட்? 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் வெடித்த செய்திகளைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. படகில் இன்னொரு சிக்கலும் உண்டு. சமையல் காஸில் இருக்கும் புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் கதவிடுக்கால் வழிந்து போகலாம். படகோ ஒரு பெரிய சட்டி. கசிந்த காஸ் தண்ணீர் மாதிரி அடியில் போய்த் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

சரி, கரண்ட் அடுப்பு. அது சிவந்து எரியும்போது அதன் கம்பி 700 பாகை செல்சியசைத் தாண்டலாம். சாதாரண வெப்பநிலையில் இறுகிய பொலியெஸ்டர் ரெசினோ 70 பாகை அளவிலேயே இளகத் தொடங்கும் சாதி. இரண்டுக்கும் நடுவே சில அங்குலம். பதிக்கிற வேலையின் சூட்சுமம் முழுவதும் அந்தச் சில அங்குலத்தில் இருக்கிறது. அடுப்பை எவரும் வாங்கலாம். அதைச் சுற்றியுள்ள வெறும் இடத்தைத்தான் பாஸ் கட்ட வேண்டும்.

கிரிலின் தொட்டி துருப்பிடிக்காத உருக்கு. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அது வெப்பத்தைக் கடத்துவதில் பத்து மடங்குக்கு மேல் மந்தம், இங்கே அந்த மந்தம்தான் வேண்டும். அடுத்தது கதிர்வீச்சு. வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும் சனியன் அது: தனி வெப்பநிலை இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு 16 மடங்கு. அதைத் தடுக்கக் குழியின் உட்சுவரில் பளபளக்கும் தகடு ஒன்று. தகட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே காற்று. மூடிவைத்த காற்று தானே சூடேறிவிடும் என்பதால் கீழே ஒரு வழி, மேலே ஒரு வழி. சூடான காற்று மேலால் ஏற, குளிர்ந்தது கீழால் நுழையும். குசினிப் புகைபோக்கியின் கதைதான். அலை தெறித்தால் அதே வழியால் தண்ணீர் உள்ளே வராதா? வரும். அதனால் மேல் வழியைக் கடலுக்கு முதுகு காட்டித் திருப்பினார்.

எனக்குப் பிடித்த அதிசயம் வேறு: கிரிலைச் சூடாக்கும் குழாயின் வயிறு. நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பிச்சுருள் ஒன்று நடுவில் இருக்கிறது. 1906இல் அல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற கலவை. சூடானதும் அதன் மேல் குரோமியம் ஒக்சைட் படலம் படிந்து, கம்பியை எரியாமல் காக்கிறது. கம்பிக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே இருப்பது வெறும் வெள்ளைத் தூள், மக்னீசியம் ஒக்சைட். கரண்டை விடாது, வெப்பத்தை விடும். பொதுவாகக் கரண்டைத் தடுக்கிற பொருள் வெப்பத்தையும் தடுக்கும். வைரம் விதிவிலக்கு, ஆனால் வைரத் தூளை நிரப்பி மீன் சுட யாரால் முடியும்? இந்தத் தூள் மலிவு. நிரப்பிய பிறகு குழாயை வெளியிலிருந்து நசுக்கி இறுக்குவார்கள்.

அந்தத் தூளுக்கு ஒரு பலவீனம்: ஈரத்தைக் கண்டால் விடாது. தண்ணீரோடு சேர்ந்தால் அது மக்னீசியம் ஹைட்ரொக்சைட், அதாவது நம் வீடுகளில் வயிற்றெரிச்சலுக்குக் கொடுக்கும் மில்க் ஒஃப் மக்னீசியாவின் சரக்கு. கடற்காற்றில் சில மாதம் பாவிக்காமல் கிடந்த கிரிலில் குழாய்முனை வழியாக ஈரம் ஊறியிருக்கும். சுவிட்சைப் போட்டதும் கரண்ட் கசிந்து, 30 மில்லி அம்பியருக்கே விழுகிற ட்ரிப் சுவிட்ச் 'டக்' என்று விழும். அடுப்பு பழுது என்று தூக்கி எறிகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் தேவைப்படுவது மெல்லிய சூட்டில் ஆறுதலாகக் காயவிடுவது மட்டும்தான்.

இனிக் கணக்கு. கிரில் 1,500 வாட். கரையில் 230 வோல்ட்டில் செருகினால் ஆறரை அம்பியர், சாதாரண வயர் தாங்கும். அதையே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் 125 அம்பியர். விரல் தடிப்பில் வயர் வேண்டும், இன்வேர்ட்டர் தின்னும் பங்கு தனி. 100 அம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் நம்பிச் செலவழிக்கலாம்: 600 வாட்-மணி, கடதாசியில் 24 நிமிடம். பேராசையோடு இழுத்தால் அந்தப் பேட்டரி சொன்ன அளவைத் தராது. பொய்க்கேர்ட் என்பவர் 1897இல் அதற்குச் சூத்திரமே எழுதிவிட்டார். பாரைத் துண்டு ஒரு பக்கம் சிவப்பதற்குள் பேட்டரி படுத்துவிடும். நங்கூரம் போட்ட இடத்தில் சுடுவதென்றால் ஜெனரேட்டர் வேண்டும். 2022இல் காஸ் வரிசைக்குப் பயந்து ஹொட்பிளேட் வாங்கி, மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்த வெள்ளவத்தைக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

உரிமையாளர் ஜெனரேட்டருக்குச் சம்மதித்தார். வேலை முடிந்த நாள் பட்டறைக் கரண்டில் செருகி, முதலில் குறைந்த சூட்டில் ஒரு மணி நேரம், பிறகு முழுச் சூட்டில் அரை மணி நேரம். மேலே தட்டில் தெளித்த தண்ணீர்த் துளி உருண்டு ஓடி மறைந்தது. பாஸ் மேடைக்குக் கீழே இருந்த அலுமாரிக் கதவைத் திறந்து, வெறுங்கையை உள்ளே விட்டு, குழியின் அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்தார். என்னோடு கதைத்துக்கொண்டே நின்றார். கையை எடுக்கவில்லை.