வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல் அலை!
கரண்ட் நின்றால் பவளத்துக்கு மூச்சுத் திணறும்

பெங்களூரில் இரவு பத்து மணிக்குக் கரண்ட் போனால் சாதாரண வீடுகளில் என்ன நடக்கும்? செல்போன் விளக்கைத் தட்டுவார்கள். பக்கத்து வீட்டிலும் போய்விட்டதா என்று எட்டிப் பார்ப்பார்கள். பிறகு படுத்து விடுவார்கள்.

கடல் தொட்டி வைத்திருப்பவர் வீட்டில் மட்டும் அப்போதுதான் ஓட்டமும் நடையும் ஆரம்பமாகும். விளக்கு அணைந்ததைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. தொட்டியில் தண்ணீர் அசையாமல் நின்று விட்டதே என்பதுதான் கவலை!

கடலிலிருந்து சுமார் 350 கிலோ மீட்டர் தள்ளி, 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர் இது. இங்கே கடல் தொட்டி வைக்க வேண்டுமானால் உப்பைக் கடையில் வாங்கிக் கரைக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. லிட்டருக்கு 35 கிராம் வீதம், இதற்கென்றே விற்கும் கலவை உப்பு வேண்டும். பணம் இருந்தால் உப்பும் வாங்கலாம், விளக்கும் வாங்கலாம். ஆனால் அலையை எந்தக் கடையில் வாங்குவது? புதிதாகத் தொடங்குபவர்கள் விளக்குக்கும் மீனுக்கும் செலவழித்து விட்டுக் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

இருந்த இடத்திலேயே சாப்பாடு

பவளம் கல் அல்ல, செடியும் அல்ல, உயிருள்ள பிராணி. ஆனால் நடக்கவோ நீந்தவோ அதனால் முடியாது. சின்ன ஸ்டேஷனில் குடியிருப்பவர் சரக்கு வண்டியை எதிர்பார்த்திருப்பது போல, ஆக்சிஜனும் உணவும் தண்ணீரோடு தன்னைத் தேடி வரும் என்று அது காத்திருக்கிறது. அதன் கழிவையும், மேலே சுரக்கும் கோழையையும் கழுவிக்கொண்டு போவதும் அதே தண்ணீர்தான். தண்ணீர் நின்றுவிட்டால் பவளத்தைச் சுற்றி மெல்லிய போர்வை போல அசையா நீர் படிந்து விடும். எவ்வளவு நல்ல விளக்குப் போட்டாலும் பிறகு பயன் இல்லை.

மீன்களுக்கும் இதே கதைதான். நல்ல தண்ணீரை விட வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். மேல்மட்டம் கலங்கினால்தான் காற்று உள்ளே இறங்கும்.

எத்தனை லிட்டர்?

சதை போன்ற மென்பவளங்களுக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்குப் பத்து முதல் இருபது மடங்கு தண்ணீர் சுற்ற வேண்டும் என்பது கணக்கு. கல் போன்ற கடின வகைகளுக்கு இருபது முதல் நாற்பது மடங்கு, சிலவற்றுக்கு அதற்கு மேலும் வேண்டும். 200 லிட்டர் தொட்டிக்கு இருபது மடங்கு என்றால் மணிக்கு 4,000 லிட்டர்! வடிகட்டியோடு வரும் 1,000 லிட்டர் மோட்டார் இதற்கு எம்மாத்திரம்? ஆகவே, கண்ணாடியில் காந்தத்தால் ஒட்டி நிற்கும் 'வேவ் மேக்கர்' என்னும் விசிறிப் பம்பு தனியாகத் தேவை.

அதற்காக ஒரு பெரிய பம்பை வாங்கிப் பவளத்தின் முகத்தில் பீய்ச்சி அடித்தால் சதை உரிந்து எலும்புக்கூடு தெரியும். இரண்டு சிறிய பம்புகளை எதிரெதிராக வைத்து, நீரோட்டங்கள் நடுவில் மோதிச் சிதறும்படி செய்வதே நல்லது. டைமர் வைத்து மாற்றி மாற்றி ஓட்டினாலும் சரி. பவளத்தின் இழைகள் காற்றில் நெற்பயிர் ஆடுவது போல முன்னும் பின்னும் அசைய வேண்டும். ஒரே பக்கம் சாய்ந்தே கிடந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பாறைக்குப் பின்னால் ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தூவினால் போதும். அது போய்த் தங்கும் மூலையில்தான் நாளை அழுக்கும் தங்கும்.

ஃபிளஷ் தொட்டித் தந்திரம்

1961-லேயே ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், காற்றுக் குமிழிகளை மட்டும் கொண்டு தண்ணீரை அசைத்துப் பவளம் வளர்த்ததை அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். எளிய வழிதான். ஆனால் குமிழி வெடித்துத் தெறிக்கும் உப்பு, விளக்கிலும் ஒயரிலும் பூத்து விடும்.

ஹவாயில் வைக்கிகி மீன் காட்சியகத்தின் புரூஸ் கார்ல்சன் செய்த உபாயம் வேடிக்கையானது. தொட்டிக்கு மேலே ஒரு வாளி. அதற்குள் வளைந்த குழாய். பம்பு வாளியை மெதுவாக நிரப்பும். வளைவைத் தாண்டித் தண்ணீர் ஏறியதும் கழிப்பறை ஃபிளஷ் போல மொத்தமும் குபீரென்று தொட்டியில் பாயும். குழாயில் காற்று புகுந்ததும் நின்று, மறுபடி நிரம்பும். நிஜ அலைக்கு மிக நெருக்கமானது இதுதான். சத்தம்தான் சகிக்காது!

ராமேசுவரம் போகிறவர்கள் கவனிக்க

கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பையில் போட்டு எடுத்து வந்தால் என்ன என்று சிலர் நினைக்கலாம். கூடவே கூடாது. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. எடுத்தால் சிறைதான். கடையிலும் பில்லும், எங்கிருந்து வந்தது என்பதற்கான தாளும் கேட்காமல் பவளம் வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

செயற்கைப் பாறையும் இரண்டு கோமாளி மீனும் போதும் என்பவர் நிம்மதியாக இருக்கலாம். இந்த மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்து தந்திருக்கிறது. அந்தத் தொட்டிக்கும் ஓட்டம் வேண்டும். பாறைத் துளைகளில் குடியிருந்து கழிவை மாற்றும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் தேவை.

கரண்ட் போனால்

பல புதிய வேவ் மேக்கர்கள் 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடுபவை. ஏற்ற பேட்டரி ஒன்றை இணைத்து விட்டால் கரண்ட் போனதும் தானாக ஓடும். வசதி இல்லாதவர் பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் முதலில் இணைக்க வேண்டியது பம்பைத்தான். விளக்கு காத்திருக்கும்.

அடித்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. பம்பு நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகக் கீழே இறங்கி, அடித்தொட்டி நிரம்பி, தரையெல்லாம் உப்புத் தண்ணீராகும். கீழ்வீட்டில் வீட்டுக்காரர் இருந்தால் கேட்கவே வேண்டாம். குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே சிறு துளை போட்டால் போதும். நீர்மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்து விடும். அந்தத் துளையைப் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பம்பிலும் சுண்ணாம்பு படியும், வேகம் குறையும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர் கலந்த வினிகரில் சிறிது நேரம் ஊற வைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து அலச வேண்டும். இரண்டு பம்பு இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம். ஒன்று குளிக்கும்போது மற்றது ஓடட்டும்.